பேனா ஏன் அடம்பிடிக்கிறது?

புதுச்சேரி தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டைப் பக்கம் லாரிச் சத்தம் அடங்கிய ராத்திரி. வெள்ளைத் தாளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். முதல் வரி வரவில்லை. ஏன்?

கெடு நெருங்கும் பயத்தையும் மூளை ஒரு ஆபத்தாகவே எடுத்துக்கொள்கிறது. நார்அட்ரீனலின் சுரப்பு கூடுகிறது; யோசித்துத் திட்டமிடும் முன்மூளையின் பிடி தளர்கிறது. எழுதும் முன்பே அடித்துத் திருத்தும் வாத்தியார் மட்டும் உள்ளே விழித்திருக்கிறார்.

அவரைச் சற்று ஓய்வெடுக்க வைக்க ஒரு வழி சுயவசியம். சுயவசியம் என்றதும் மேடையில் ஊசல் ஆட்டும் ஆளை நினைக்க வேண்டாம். 1756இல் கோவாவில் பிறந்த பாதிரியார் அபே ஃபாரியா, 1813இல் பாரீஸில் பொதுமக்கள் முன் வசியத்தைச் செய்துகாட்டினார். வசியக்காரரின் கையிலிருந்து எந்தக் காந்தமும் பாயவில்லை, மயங்குபவரின் மனமே மயக்கத்தை உண்டாக்குகிறது என்பது அவர் கட்சி.

சரி, சுயவசியத்தை எப்படிச் செய்வது? நாற்காலியில் சாய்ந்து கைகளை இறுக்கி, சட்டென்று தளர விடுங்கள். பிறகு தோள், தாடை. எட்மண்ட் ஜேக்கப்சன் 1929இல் நூலாக எழுதிய தசைத்தளர்வு முறையிலிருந்து வளர்ந்த பயிற்சி இது. மூச்சை இழுப்பதைவிட மெதுவாக விடுங்கள். அப்போது வேகஸ் நரம்பு இதயத்துடிப்பைத் தணிக்கும். உடம்பு அடங்கியதும் உங்களுக்கு நீங்களே சொல்லுங்கள்: ‘இப்போது ஒரு மோசமான பத்தி எழுதப்போகிறேன்.’ வாத்தியாருக்கு அங்கே வேலையில்லை.

வசியத்துக்கு இணங்கும் தன்மை ஆளுக்கு ஆள் மாறும். சிலர் அப்படியே தூங்கிவிடுவார்கள். கெடு நாளைக்குத்தான் என்றால் அதுவும் பரவாயில்லை.