ரிப்போர்ட்டில் ‘ஒன்றுமில்லை’ என்றால் நோய் இல்லை என்றா பொருள்?

மியூனிக்குக்கு வடக்கே இருக்கும் கார்ஹிங், இயற்பியலுக்குப் பேர்போன ஊர். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கணினித் துறையும் அங்கேதான். அத்துறையின் ஜூலியன் கான்யூர், மரபியலாளர் ஹோல்கர் புரோகிஷ் ஆகியோரின் குழுக்கள் 2017-ல் வெளியிட்ட ஆய்வு, மரபணுப் பரிசோதனையின் பெரிய ஓட்டை ஒன்றை அடைக்க வழிகாட்டியது.

அரிய நோய் என்று சந்தேகித்தால் மருத்துவர்கள் இன்று எழுதித் தருவது பெரும்பாலும் எக்ஸோம் பரிசோதனைதான். நம் டி.என்.ஏ.வில் புரதம் செய்யச் சொல்லும் பகுதி 2 சதவீதத்துக்கும் குறைவு. எக்ஸோம் அதை மட்டுமே படிக்கிறது. பல நோய்களில் பாதிப் பேருக்கு மேல் விடை கிடைப்பதில்லை. பிள்ளை கண்முன்னே தளர்ந்துகொண்டிருக்க, ‘காரணம் தெரியவில்லை’ என்ற தாளோடு வீடு திரும்பும் பெற்றோரின் வேதனையை என்ன சொல்ல!

செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்டிரியா பழுதாகும் நோய் இருக்கலாம் என்று கருதப்பட்டு, எக்ஸோமில் விடை கிடைக்காத 48 பேரை இக்குழு எடுத்துக்கொண்டது. அவர்களின் தோல் செல்களை வளர்த்து, அவற்றின் ஆர்.என்.ஏ.வைப் படித்தது. டி.என்.ஏ.வில் எழுதியிருப்பதை செல் உண்மையில் எப்படிப் பயன்படுத்துகிறது என்பது ஆர்.என்.ஏ.வில்தான் தெரியும். ஏதாவது மரபணுவின் ஆர்.என்.ஏ. அளவுக்கு மீறிக் குறைந்திருக்கிறதா, அந்த ஆர்.என்.ஏ.வின் துண்டுகளை வெட்டி ஒட்டுவதில் பிசகு உண்டா என்று மற்றவர்களின் செல்களோடு ஒப்பிட்டுக் கணினி தேடியது. 5 பேருக்கு விடை கிடைத்தது. ஏற்கெனவே கைவிரிக்கப்பட்டவர்களில் பத்தில் ஒருவர்! அந்த விடைகளில் ஒன்றான டி.ஐ.எம்.எம்.டி.சி.1 என்ற மரபணுவின் பிழை, எக்ஸோம் எட்டிக்கூடப் பார்க்காத, புரதக் குறிப்புகளுக்கு இடையே இருக்கும் இன்ட்ரான் பகுதியின் ஆழத்தில் இருந்தது.

அப்படியொரு இடத்தில் ஒளிந்திருந்த பிழைக்குத்தான் பாஸ்டன் மருத்துவர்கள் ஒரே ஒரு சிறுமிக்காகவே மருந்து செய்து 2018-ல் கொடுத்தார்கள். அவளுக்கு வந்துகொண்டிருந்த வலிப்பு குறைந்தது. ஆனாலும் 2021-ல் இறந்துவிட்டாள். நோய் முற்றுவதற்குள் காரணம் தெரிய வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம்.

ஆர்.என்.ஏ. பரிசோதனைக்கும் எல்லை உண்டு. ரத்தத்திலும் தோலிலும் எல்லா மரபணுக்களும் வேலை செய்வதில்லை. சில நோய்களுக்குத் தசையைத்தான் எடுக்க வேண்டியிருக்கும். ஆனால் இதற்கான மென்பொருளை கான்யூர் குழு இலவசமாகவே வெளியிட்டிருக்கிறது. சொந்தத்தில் கல்யாணம் செய்யும் வழக்கமுள்ள தமிழ்நாட்டில், தாய் தந்தை இருவரிடமிருந்தும் ஒரே பிழை வந்து சேரும் நோய்களுக்கு வாய்ப்பு அதிகம். அதனால் நம் அரசு மருத்துவமனைகளுக்கு இந்த ஆர்.என்.ஏ. பரிசோதனை வசதி வந்தாக வேண்டும்.

உங்கள் வீட்டில் ‘ஒன்றுமில்லை’ என்ற ரிப்போர்ட் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பரிசோதனைத் தரவையும் ஆய்வகத்தில் கேட்டு வாங்கி வையுங்கள். ஓரிரு ஆண்டு கழித்து, மறுபடி அலசிப் பார்க்க முடியுமா என்று மரபியல் மருத்துவரிடம் கேளுங்கள்.