கொழும்பு பாடிய நாளும் யாழ்ப்பாணம் பாடிய நாளும்

எழுபதுகளின் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குள் நுழைந்தால் ஓவர்லாக் தையல் இயந்திர இரைச்சலுக்கு மேல் ஒரு ரேடியோ பாடிக்கொண்டிருக்கும். கட்டிங் மாஸ்டரின் கைக்கெட்டும் பலகையில் அது இருக்கும். முள் பெரும்பாலும் இலங்கை வானொலியில் நிற்கும். பாதி வரி இரைச்சலில் கரைந்துபோனாலும் மீதியை யாராவது பாடிவிடுவார்கள்.

கொங்குநாட்டுக் காது கடல் தாண்டிப் போனதற்குக் காரணம் டெல்லியில் இருந்தது. 1952இல் பி.வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சரானதும் ஆகாசவாணி சினிமாப் பாட்டை ஒதுக்கிவைத்தது. 1950இல் தொடங்கியிருந்த இலங்கையின் வர்த்தக ஒலிபரப்புக்கு அது வாய்ப்பாயிற்று. 1957இல் விவித் பாரதி வந்த பிறகும் பழகிய காது மாறவில்லை. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம் என்று முகம் தெரியாத அறிவிப்பாளர் குரல்கள் இங்கே வீட்டு மனிதர்களாயின.

அறிவிப்பாளர் பி.எச். அப்துல் ஹமீதின் ‘பாட்டுக்குப் பாட்டு’ நிகழ்ச்சி தனி ரகம். கொடுத்த எழுத்தில் பாட்டைத் தொடங்க வேண்டும், அவ்வளவுதான் போட்டி. போட்டியாளர் யோசிக்கும் அந்தச் சில நொடிகளில் கம்பெனி முழுக்கப் பாட்டைத் தேடும். கைமடித்துக்கொண்டிருக்கும் பெண்களில் ஒருத்தி முந்திக்கொள்வாள். பரிசு யாருக்குப் போனாலும் வென்றது அவள்தான். நம்மைவிடப் பல மடங்கு சிறிய நாடு ஒன்று மேடை போட்டது, நாம் கேட்டோம். ஏ.இ. மனோகரனின் ‘சுராங்கனி’ பாட்டும் அங்கிருந்து வந்து நம் கல்யாண வீடுகளில் குடியேறியதுதான்.

பிறகு 1983 வந்தது. இலங்கையில் உள்நாட்டுப் போர் வந்தது. தொண்ணூறுகளில் அதே ‘பாட்டுக்குப் பாட்டு’ அப்துல் ஹமீதோடு சன் டிவிக்கு வந்தபோது முகத்தைப் பார்த்தோம். மேடை கரை மாறிவிட்டது என்பதை அப்போது யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

2023 டிசம்பரில் ஜீ தமிழின் ‘சரிகமப லிட்டில் சாம்ப்ஸ்’ போட்டியில் யாழ்ப்பாணம் அரியாலைச் சிறுமி கில்மிஷா முதலிடம் பெற்று 10 லட்சம் ரூபாய் பரிசு வாங்கினாள். அதே மேடையில் இலங்கை மலையகத்துப் புசல்லாவையின் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த அசானியும் பாடினாள். நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் முன்னால் தமிழ்நாட்டிலிருந்து தோட்ட வேலைக்குக் கப்பலேறத் தொடங்கிய சனத்தின் பிள்ளை பாட்டோடு திரும்பி வந்தாள். அன்று இலங்கையின் குரல் என்றால் அறிவிப்பாளரின் குரல். இன்று தோட்டத் தொழிலாளியின் மகளுக்கும் பெயர் உண்டு, முகம் உண்டு. இந்த லாபத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனாலும் ஒரு குறை உண்டு; அதைச் சொல்ல ஓர் ஒப்பீடு உதவும். ஐரோப்பாவில் யூரோவிஷன் பாட்டுப் போட்டியை லக்சம்பர்க் என்னும் குட்டி நாடு 1961 தொடங்கி 1983க்குள் ஐந்து முறை வென்றது. பாடிய ஐவரில் ஒருவர்கூட அந்த மண்ணில் பிறந்தவர் அல்லர். 1993க்குப் பின் விலகியிருந்து 2024இல்தான் மறுபடி மேடையேறியது. அந்த நாடு குரலை வெளியே தேடியது. இங்கே நேர்மாறு: இலங்கைத் தமிழ்ப் பிள்ளைகளிடம் குரல் நிறைய இருக்கிறது, மேடைக்குத்தான் சென்னைக்கு விமானம் ஏற வேண்டியிருக்கிறது. அப்துல் ஹமீது பெயர் வாங்கியதோ கொழும்பில் இருந்தபடியே. எனக்கு உறுத்துவது இதுதான்.

திருப்பூரில் கேட்கிற இடமும் மாறிப்போயிற்று. ஒன்றரை ஷிப்ட் முடித்துவிட்டு அறைக்குத் திரும்பும் பெண் கில்மிஷாவின் பாட்டைத் தன் போனில் தனியாகப் பார்க்கிறாள். பக்கத்துக் கட்டிலில் ஒடியாப் பாட்டு, அடுத்ததில் போஜ்புரி; காதில் இயர்போன் இருப்பதால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. நேரம் தவறினால் பாட்டுப் போச்சு என்ற பதற்றமும் இல்லை, வேண்டும்போது போட்டுக்கொள்ளலாம். இலங்கை வானொலியையும் இணையத்தில் கேட்கலாம். ஆனால் கம்பெனியில் பவர் டேபிள் தையல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் இருபது வயதுக்காரர்களிடம் அதைச் சொன்னால், அப்படியொரு வானொலியா என்று கேட்கிறார்கள்.