செல்லப் பிராணிகளின் ரோமத்தில் நூல்: சரக்கா, கூலி வேலையா?



கைவேலைப் பொருள் விற்கும் நம் உறுப்பினர்கள் சிலர் ஓராண்டாக என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "நாய் முடியில் நூல் நூற்கிறார்களாமே, நாமும் வாங்கி வைக்கலாமா?" என்பது கேள்வி. அயனம்பாக்கத்தில் உல்லன் நூல், குரோஷா நூல், ஊசி வகைகளை முப்பத்தைந்து ஆண்டுகளாக மொத்த வியாபாரம் செய்பவன் என்ற முறையில் தெரிந்ததை எழுதுகிறேன். என் கணக்கில் இது கடையில் அடுக்கி வைக்கும் சரக்கு அல்ல. வாடிக்கையாளரின் பொருளை வாங்கிச் செய்து கொடுக்கும் கூலி வேலை.

விஷயம் புதிதல்ல. வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாழும் சேலிஷ் மக்கள் ஐரோப்பியர் வருமுன்பே கம்பளிக்கென்று வெள்ளை நாய்களை வளர்த்தார்கள். மற்ற நாய்களோடு கலக்காமல் தனியே வைத்து, செம்மறிக்குக் கத்தரிப்பதுபோல் கத்தரித்து, மலையாட்டு ரோமத்தோடு சேர்த்துப் போர்வை நெய்தார்கள். அந்த இனம் 19-ஆம் நூற்றாண்டில் அருகி, பின்னர் மறைந்தது. ஆலைப் போர்வை மலிவாக வந்ததே காரணம் என்று பலகாலம் எழுதினார்கள். வெள்ளையரோடு வந்த நோய்களும் அடக்குமுறையும் நாயை வளர்த்த குடும்பங்களையே குலைத்துவிட்டன என்பது அம்மக்களின் சொல். 'மட்டன்' என்று பெயர் வைத்த அத்தகைய நாய் ஒன்று 1859-இல் இறந்தது. அதன் தோல் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. (நம் ஊரில் நாய்க்கு இந்தப் பெயரை வைத்தால் பிரியாணிக் கடைக்காரர் சண்டைக்கு வருவார்!)

நம் நாட்டில் இதற்கு நெருங்கிய தொழில் அங்கோரா முயல் ரோமம். இமாசலப் பிரதேசம் குலு பகுதியில் மத்திய அரசின் செம்மறி, கம்பளி ஆராய்ச்சி நிறுவனம் இதைப் பரப்பியது. முயலைக் கொல்லாமல் ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு ஒருமுறை கத்தரித்து எடுப்பார்கள். இழையின் தடிமன் 11 முதல் 14 மைக்ரான். மனிதனின் தலைமுடி பொதுவாக இதைவிடப் பல மடங்கு தடிமன். ஆனால் 2013-இல் சீனாவில் முயலின் ரோமத்தைக் கையால் பிடுங்கும் படக்காட்சி வெளிவந்ததும், வெளிநாட்டுப் பெரிய ஆடை நிறுவனங்கள் பல அங்கோராவையே நிறுத்திவிட்டன.

அங்கோராவில் நானும் கை சுட்டுக்கொண்டவன். பல ஆண்டுகளுக்கு முன் வடக்கிலிருந்து 'அங்கோரா' என்று லேபிள் ஒட்டி வந்த நூலை நம்பி விற்றேன். ஒரு வாடிக்கையாளர் கடையிலேயே நுனியைக் கொளுத்திக் காட்டினார். உருகிக் கருப்பு மணியாகக் கெட்டிப்பட்டது. சுத்தமான அக்ரிலிக்! பிராணி ரோமமானால் முடி கருகும் வாடை வரும், சாம்பல் விரலில் பொடியும். அன்றிலிருந்து எந்த உல்லன் வந்தாலும் முதலில் தீக்குச்சிதான்.

இனி நாய்க்கு வருவோம். எல்லா நாயும் இதற்கு ஆகாது. நம் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை எல்லாம் குட்டை முடி, நூலுக்கு உதவாது. மேலே முரட்டு முடியும் அடியில் பஞ்சுபோன்ற உள்முடியும் உள்ள ஜாதி வேண்டும். நாம் பொமரேனியன் என்று அழைக்கும் வெள்ளை ஸ்பிட்ஸ், கோல்டன் ரெட்ரீவர், சாமோயிட் போன்றவை சரி. கத்தரித்த முடி வேண்டாம், முரடும் துண்டும் கலந்துவிடும். சீப்பில் வரும் உள்முடிதான் வேண்டும். ஒன்றரை அங்குலமாவது நீளம் இருக்க வேண்டும்.

சென்ற ஆண்டு ஏரிப் பக்கக் குடியிருப்பிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஒரு தலையணை உறையோடு வந்தார். இறந்துபோன ரெட்ரீவரின் முடி, மூன்று வருடம் சீவிச் சேர்த்தது. "அண்ணாச்சி, இதை நூலாக்கித் தர ஆள் இருக்கா?" என்றார். தராசில் 180 கிராம். திருமுல்லைவாயலில் கதர் நூற்றுப் பழகிய ஓர் அம்மாள் எனக்குத் தெரியும். ஆனால் சரக்கைக் கையில் வாங்கவே தயங்கினேன். நூல் கெட்டால் வேறு கொடுத்துவிடலாம். இது கெட்டால் எங்கே போய்க் கொள்முதல் செய்வது?

எனவே 10 கிராம் மட்டும் எடுத்து முன்னோட்டம் பார்த்தோம். நாய் முடி தனியாக நிற்கவில்லை. ஆட்டு ரோமத்துக்கு உள்ள சுருளும் இழுவையும் இதற்கு இல்லை. வழுக்கிக்கொண்டு முறுக்கு விட்டது. பிறகு லூதியானாவிலிருந்து வரும் சீவிய மெரினோவைப் பாதிக்குப் பாதி சேர்த்து, கம்பிப் பல் பதித்த இரட்டைப் பலகையில் வாரினோம். பஞ்சுக்கான தக்ளி சின்னது. அதைவிடக் கனமான கதிரில் நூற்று, இரட்டைப்புரியாக முறுக்கியதும் பிடித்துக்கொண்டது. சிட்டத்தை வெந்நீரில் சோப்புப் போட்டு ஊறவைத்து, கசக்காமல் அலசி, நிழலில் உலர்த்தினால் வாடை போய்விடுகிறது. கசக்கினால் ஆட்டு ரோமம் திரைந்துவிடும். நம் ஊர் ஈரத்தில் முடியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்கவே கூடாது. துணிப்பைதான், பூச்சிக்கு வேப்பிலையோ நாப்தலினோ போடுங்கள்.

ரசீது எழுதுவதில்தான் வியாபாரியின் கவனம் வேண்டும். பெற்ற எடை, கழிவு, சேர்த்த மெரினோவின் எடை, திருப்பிய எடை நான்கையும் எழுதுங்கள். முன்னோட்டத் துண்டைக் காட்டி, கையெழுத்து வாங்கிய பிறகே மீதியைத் தொடுங்கள். லேபிளில் 'நாய் ரோமம் பாதி, ஆட்டு ரோமம் பாதி' என்றே இருக்கட்டும். ஏற்றுமதி ஆசை உள்ளவர்களுக்கு ஒரு சொல்: நாய், பூனைத் தோல்ரோமப் பொருள்களுக்கு அமெரிக்கா 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், ஐரோப்பிய ஒன்றியம் 2008 டிசம்பர் 31 முதலும் தடை போட்டுள்ளன. சீவி எடுத்த முடி வேறு, தோல் வேறுதான். ஆனாலும் சுங்கத்தில் பார்சல் மாட்டினால் விளக்கம் சொல்லப் போவது நீங்கள்.

ஆசிரியைக்கு மொத்தம் 230 கிராம் நூல் கொடுத்தோம். முரட்டு முடிக் கழிவு 50 கிராம் ஒரு காகிதப் பொட்டலத்தில் இருந்தது. குப்பைக்குப் போக வேண்டியது. அதையும் கேட்டு வாங்கிக்கொண்டார். ரசீதில் ஐந்தாவது வரியாக அதைச் சேர்த்தேன்.