பழைய டிராக்டரில் சாவி சுவிட்ச் போச்சா? ஸ்க்ரூடிரைவரை கையில் எடுக்காதீங்க!

கோத்தகிரி:
ஊட்டி, குன்னூர், கோத்தகிரி ரோடுகள் சந்திக்கும் கட்டபெட்டு பகுதியில் தேயிலையும் மலை காய்கறியும்தான் பிழைப்பு. பச்சை தேயிலை மூட்டை, உரம், விறகு ஏற்ற டிரெய்லர் மாட்டிய பழைய டிராக்டர்கள் நீலகிரி எஸ்டேட்களில் இன்றும் கைகொடுக்கின்றன.

20, 30 வருடம் ஆன வண்டியிலும் என்ஜின் கல்லு மாதிரி இருக்கும். மக்கர் பண்ணுவது சின்ன சாமான்கள்தான். அதில் ஒன்று, சாவி போடும் ஸ்டார்ட்டிங் சுவிட்ச். மழையும் மேகமூட்டமும் மாறி மாறி வரும் மலையில் ஈரம் உள்ளே இறங்கி, பித்தளை காண்டாக்ட் பச்சை பூத்து, ஒருநாள் சாவியை திருப்பினால் சத்தமே வராது.

உடனே பலர் செய்வது என்ன? கீழே இறங்கி, ஸ்டார்ட்டர் மோட்டார் டெர்மினலில் ஸ்க்ரூடிரைவரை குறுக்கே வைப்பது. 'படார்' என்று பொறி பறக்கும். வண்டி ஸ்டார்ட் ஆகிவிடும். சில நூறு ரூபாய் மிச்சம். ஆனால் அந்த மிச்சம் உயிரை பறிக்கும்.

கியரில் இருந்தால் என்ன ஆகும்?

டிராக்டர் கியரில் இருப்பது தெரியாமல் ஸ்க்ரூடிரைவர் போட்டால், என்ஜின் சுற்றும்போதே வண்டியும் நகரும். நன்றாக இருக்கும் டீசல் என்ஜின் ஓரிரு சுற்றிலேயே பிடித்துக்கொள்ளும். ஸ்க்ரூடிரைவர் பிடித்தவர் நிற்கும் இடமோ முன் டயருக்கும் பெரிய பின் டயருக்கும் நடுவில். விலக நேரம் கிடைக்காது. பின் டயர் ஏறிவிடும். வண்டியில் ஆள் இல்லாததால் பிரேக் போடவும் வழியில்லை. மலைச்சரிவு என்றால் கேட்கவே வேண்டாம், வண்டி நேராக பள்ளத்துக்குத்தான்.

இதை தடுக்கத்தான் டிராக்டரில் நியூட்ரல் பாதுகாப்பு வைத்தார்கள். 1946ல் இங்கிலாந்தில் தயாராகத் தொடங்கிய பெர்குசன் டிஇ-20 டிராக்டரில் ஸ்டார்ட் செய்வதே கியர் லீவரில்தான். கியரில் இருந்தால் ஸ்டார்ட்டர் சுற்றாது. அதன் வழிவந்த மாஸி பெர்குசன் 35 டிராக்டரில் ஹை-லோ லீவரை நடுவில் 'எஸ்' என்ற இடத்தில் வைத்தால்தான் ஸ்டார்ட் ஆகும். 1960ல் சென்னையில் தொடங்கிய டாபே கம்பெனிதான் மாஸி பெர்குசன் டிராக்டர்களை நம்ம ஊருக்கு கொண்டு வந்தது. ஸ்க்ரூடிரைவர் போடும்போது இந்த பாதுகாப்பு அத்தனையும் வீணாகிவிடும் என்பது குறிப்பிடத்தக்கது.

சில பழைய மாடல்களில் இந்த பாதுகாப்பே கிடையாது. அந்த வண்டிகளில் சீட்டில் உட்கார்ந்து, கிளட்சை மிதித்து, சாவி போடுவது ஒன்றுதான் பாதுகாப்பு.

சாவி செய்யும் வேலை என்ன?

டீசல் என்ஜினில் ஸ்பார்க் பிளக் இல்லை. அதனால் பெட்ரோல் வண்டி போல சாவி என்ஜினை 'எரிய' வைப்பதில்லை. மீட்டர், லைட்டுக்கு கரண்ட் கொடுப்பது, குளிரில் ஹீட்டரை சூடாக்குவது, ஸ்டார்ட்டர் சோலனாய்டை இழுப்பது, இவ்வளவுதான் அதன் வேலை. பல பழைய டிராக்டர்களில் சாவியை ஆப் செய்தாலும் என்ஜின் நிற்காது. 'ஸ்டாப்' குமிழை இழுத்து டீசலை நிறுத்தினால்தான் நிற்கும். புதிதாக ஓட்ட வருபவர்களுக்கு இதை முதலிலேயே சொல்லிக்கொடுக்க வேண்டும்.

சுவிட்ச் மேல் பழி போடும் முன்...

சாவி போட்டு சத்தம் வரவில்லை என்றால் சுவிட்சைத்தான் மாற்ற வேண்டும் என்று இல்லை. முதலில் லீவர் நியூட்ரலில் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து பேட்டரி டெர்மினல். வெள்ளை பூத்திருந்தால் சுடுதண்ணீர் ஊற்றி துடைத்து, டைட் செய்ய வேண்டும். எர்த் கேபிள் பாடியோடு சேரும் போல்ட், பியூஸ் இரண்டையும் பார்க்க வேண்டும். 'டக்' என்று சத்தம் மட்டும் வந்து என்ஜின் சுற்றாவிட்டால், பெரும்பாலும் பேட்டரி வீக் அல்லது கேபிள் லூஸ்.

இதெல்லாம் சரி என்றால் 12 வோல்ட் டெஸ்ட் லேம்ப் போதும். சோதிக்கும் முன் வண்டியை சமதளத்தில் நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, டயருக்கு கல் வைத்து, ஸ்டாப் குமிழை இழுத்துவிட வேண்டும். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து சாவி திருப்ப, இன்னொருவர் டேஷ்போர்டு பக்கம் நின்று லேம்ப் பார்க்கலாம். டயர் பக்கம் யாரும் நிற்கக் கூடாது.

லேம்பின் ஒரு வயரை பாடியில் மாட்டுங்கள். மறு வயரை சுவிட்சுக்கு பேட்டரி கரண்ட் வரும் டெர்மினலில் தொட்டால் எப்போதும் எரிய வேண்டும். பல சுவிட்ச்களில் இதற்கு 30 என்று நம்பர் இருக்கும். ஹீட்டருக்கு 19, ஸ்டார்ட்டருக்கு 50. சாவியை ஸ்டார்ட்டுக்கு திருப்பும்போது 50ல் லேம்ப் எரியவில்லை என்றால் சுவிட்ச் காலி. அங்கே எரிந்தும் ஸ்டார்ட்டர் இழுக்கவில்லை என்றால், கோளாறு நியூட்ரல் சுவிட்சிலோ, வயரிலோ, சோலனாய்டிலோ இருக்கிறது.

மாற்றுவது எப்படி?

முதல் வேலை பேட்டரியின் எர்த் கேபிளை கழற்றுவது. பெரும்பாலான வண்டிகளில் அது மைனஸ். மிகப் பழைய இங்கிலாந்து வண்டிகள் சிலவற்றில் பிளஸ்தான் எர்த். பார்த்து கழற்ற வேண்டும்.

அடுத்து, எந்த வயர் எந்த டெர்மினலில் என்று செல்போனில் ஒரு போட்டோ. வயர்களில் டேப் ஒட்டி நம்பர் எழுதிவிட்டால் குழப்பமே இல்லை. பழைய வண்டியில் வயர் கலரை நம்ப முடியாது. நடுவில் எத்தனை பேர் கை வைத்தார்களோ!

டேஷ்போர்டில் சுவிட்சை பிடித்திருக்கும் வளைய நட்டை கழற்றினால் சுவிட்ச் பின்பக்கமாக வந்துவிடும். அதை கையோடு கடைக்கு எடுத்துச் சென்று அதே போல வாங்குவது நல்லது. ஹீட்டர் பொசிஷன் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். டிசம்பர், ஜனவரி உறைபனி காலத்தில் காலையில் ஹீட்டர் இல்லாமல் பழைய டீசல் என்ஜின் எழுந்திருக்காது.

புது சுவிட்சை மாட்டி, போட்டோ பார்த்து வயர் கொடுத்து, லூஸ் கிளிப்புகளை மாற்றி, கடைசியாக எர்த் கேபிளை போட வேண்டும். நியூட்ரலில் சீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு பொசிஷனாக சோதிக்க வேண்டும். கியரில் இருக்கும்போது ஸ்டார்ட்டர் சுற்றுகிறதா என்று மெக்கானிக்கை வைத்து ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. சுற்றினால் நியூட்ரல் பாதுகாப்பை யாரோ 'டைரக்ட்' கொடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

பழைய சுவிட்சை பிரித்து, காண்டாக்டை உப்புத்தாள் போட்டு தேய்த்தாலும் கொஞ்ச நாள் ஓடும். ஸ்பிரிங் தளர்ந்து, பிளாஸ்டிக் உருகி இருந்தால் அது வீண் வேலை.

மறுபடி போகாமல் இருக்க

எக்ஸ்ட்ரா லைட், பாட்டு செட் எல்லாவற்றுக்கும் சாவி சுவிட்சிலிருந்தே கரண்ட் எடுப்பதால்தான் பல சுவிட்ச்கள் சூடாகி கருகுகின்றன. அவற்றுக்கு தனி பியூஸ், தனி ரிலே கொடுக்க வேண்டும். ஸ்டார்ட்டர் லைனுக்கும் ஒரு ரிலே போட்டால் சுவிட்ச் மேல் பாரம் குறையும். சுவிட்ச் மேல் ஒரு ரப்பர் மூடி இருந்தால் மழைத்தண்ணி இறங்காது.

சுவிட்ச் வாங்கும் வரை இறக்கத்தில் உருட்டி ஸ்டார்ட் பண்ணலாம் என்று நினைப்பதும் ஆபத்து. டிரெய்லரில் லோடு இருந்தால், வளைவு வருவதற்குள் பிரேக் நிற்குமா என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. அன்று ஒருநாள் வேலை நின்றாலும் பரவாயில்லை, வண்டியை நிறுத்திவிட்டு மெக்கானிக்கை கூப்பிடுவதே புத்திசாலித்தனம்.