மாதோட்டத்துக் கிராம்பும் பாடசாலை நூலகமும்

மன்னாரில் திருக்கேதீஸ்வரக் கோயிலுக்கு அருகே, பழைய மாதோட்டத் துறைமுகம் புதைந்து கிடக்கும் மாந்தை மேட்டில் 2009, 2010ஆம் ஆண்டுகளில் அகழ்வு நடந்தது. தோண்டிய மண்ணை ஆய்வாளர்கள் தண்ணீரில் கரைத்தார்கள். நெருப்பில் கரிந்த தானியமும் விதையும் மண்ணில் உக்காமல் நூற்றாண்டுக் கணக்கில் கிடக்கும். தண்ணீரில் விட்டால் மிதந்து மேலே வரும். நுண்ணிய வலையால் அவற்றை அரித்தெடுத்துவிடலாம். அப்படி எடுத்தவற்றுள் மிளகு இருந்தது, ஒரு கிராம்பும் இருந்தது. மிளகு கி.பி. 600–700 காலத்தது, கிராம்பு 900–1100 காலத்தது என்று கணித்தார்கள். அந்நாளில் கிராம்பு விளைந்தது இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில். அங்கிருந்து மாதோட்டம் சுமார் 7,000 கிலோமீற்றர் கடல்வழி. இந்த முடிவுகள் 2018 இறுதியில் ‘அன்ரிக்குவிற்றி’ என்ற ஆங்கிலத் தொல்லியல் ஆய்விதழில் வெளிவந்தன. சம்பந்தர் கேதீச்சரத்தைப் பாடியதும் ஏழாம் நூற்றாண்டில்தான். தேவாரத்தை மனப்பாடமாகச் சொல்லும் ஒரு பிள்ளைக்கு, அதே நூற்றாண்டில் அதே ஊரில் நெருப்பில் கரிந்த மிளகு இன்று ஆய்வுகூடத்துக்குப் போயிருக்கிறது என்பதைவிடக் கிட்டிய விஞ்ஞானச் செய்தி வேறென்ன இருக்க முடியும்? பாடசாலை நூலகத்தில் பிள்ளைகளுக்கு வைக்கும் விஞ்ஞானச் செய்தி இப்படி அவர்கள் காலடி மண்ணிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இதை வெறும் ஊர்ப்பற்றால் சொல்லவில்லை. வாசிப்பைப் பற்றிய ஆய்வுகள் இதற்குத் துணை நிற்கின்றன. டோனா ரெக்ட், லோரன் லெஸ்லி என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1988இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஏழாம், எட்டாம் வகுப்பு மாணவர் 64 பேருக்கு ஒரு பேஸ்போல் ஆட்டத்தை விவரிக்கும் பகுதியை வாசிக்கக் கொடுத்தார்கள். சிறு மாதிரி மைதானம் ஒன்றில் பொம்மைகளை நகர்த்தி, வாசித்ததை நடித்துக் காட்டச் சொன்னார்கள். வாசிப்புத் தேர்வுகளில் பின்தங்கியவர்களாக இருந்தும் ஆட்டத்தை நன்கு அறிந்த பிள்ளைகள், நன்றாக வாசிக்கத் தெரிந்தும் ஆட்டம் தெரியாதவர்களைவிட மிகத் தெளிவாக விளங்கிக்கொண்டிருந்தார்கள். எழுத்துக் கூட்டி வாசிக்கும் திறன் ஒன்று, பொருள் பிடிபடுவது இன்னொன்று. இரண்டாவதற்கு, முன்பே மனதில் இருக்கும் அறிவு வேண்டும். ‘வாசிக்கத் தெரியாத பிள்ளை’ என்று நாம் ஒதுக்கிவைக்கும் பலர், தாம் அறிந்த உலகத்தைப் பற்றிய பக்கம் ஒன்றை இதுவரை கையில் பெறாதவர்களாக இருக்கலாம்.

மன்னார்க் கரையில் அப்படிப்பட்ட அறிவுக்குக் குறைவில்லை. சோளகம் எப்போது பெயரும், வங்காலைச் சதுப்பில் பூநாரைகள் எப்போது இறங்கும், எந்தக் கரையில் மண் கறுத்து மின்னும் என்பதெல்லாம் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகுமுன்பே அறிந்தவை. அந்தச் சதுப்பு 2010இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. மன்னார்த் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகள், மொத்தம் 103.5 மெகாவாற்று ஆற்றலோடு, 2020 இறுதியில் திறக்கப்பட்டன. 2021இல் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் இடங்காட்டிக் கருவி பொருத்திப் பறக்கவிட்ட கடற்காகங்கள் ரஷ்யாவின் ஆர்க்டிக் பகுதிவரை சென்றன. காற்றையும் பறவையையும் அறிந்த பிள்ளைக்கு இவற்றைப் பற்றிய ஒரு பக்கத்தில் புதிதாக இருக்கப்போவது மெகாவாற்று, செய்மதி, வலசைப்பாதை போன்ற சில சொற்கள்தாம். தெரிந்ததைப் பிடித்துக்கொண்டே தெரியாததை எட்டிவிடலாம்.

அப்படியானால் கருந்துளையும் செவ்வாயும் மன்னார்ப் பிள்ளைக்கு வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும், நிறையவே வேண்டும். கிராம்பின் காலத்தைக் கணிக்க உதவிய காபன் காலக்கணிப்பு, கதிரியக்கச் சிதைவு வீதத்தைக் கொண்டு காலத்தை அளக்கும் முறை. நிலாவின் பாறைக்கு வயது சொல்லும் முறைகளுக்கும் அதே அடிப்படைதான், தனிமங்கள் மட்டும் வேறு. மாந்தையில் தொடங்கும் கேள்வி வானத்துக்குப் போகும் வழி அங்கேயே திறந்திருக்கிறது. பரீட்சைக்கு உதவாது என்போருக்கும் பதில் உண்டு. புலமைப்பரிசில் முதல் உயர்தரம் வரை, வினாவை வாசித்து விளங்காமல் மதிப்பெண் இழப்பவர்களுக்கு இன்னொரு வழிகாட்டிப் புத்தகத்தைவிடப் பொருள் விளங்கும் வாசிப்பே உதவும். எல்லாம்தான் கைபேசியில் கிடைக்கிறதே என்ற வாதம் பாதி உண்மை. கிடைக்கிறது, ஆனால் ‘யார் சொன்னது, எப்படிக் கண்டார்கள், எவ்வளவு உறுதி’ என்று கேட்கப் பழக்கும் ஆசிரியர் ஒருவர் அங்கே பக்கத்தில் இருப்பதில்லை.

மிகக் கனமான ஆட்சேபம் வேறு. காற்றாலையும் கனிய மணல் அகழ்வும் 2025இல் மன்னார் மக்களை வீதிக்கு இறக்கிய விடயங்கள். இவற்றை நூலகத்துக்குள் கொண்டுவந்தால் பாடசாலை கட்சி சேர்ந்ததாகிவிடாதா? நான் மறுபக்கமாக நினைக்கிறேன். காற்றாலைக்கு அடியில் செத்துக் கிடக்கும் பறவைகளை மட்டும் எண்ணினால் கணக்குச் சரிவராது. நாயும் காகமும் தூக்கிச் சென்றவை எத்தனை, தேடியவர் கண்ணுக்குத் தப்பியவை எத்தனை என்றும் மதிப்பிட வேண்டும். இந்த முறையைப் படித்த பிள்ளை, எந்தத் தரப்பு எண்ணிக்கை சொன்னாலும் எப்படி எண்ணினீர்கள் என்று கேட்கும். கட்சி சேர்ப்பது அறியாமைதான். முறை தெரிந்தவர்களை யாரும் எளிதில் இழுத்துப்போக முடியாது.

இவற்றைத் தமிழில் யார் எழுதுவது? தமிழுக்கு இது புதிய வேலை அல்ல. 19ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து நூல்களையும் ஆக்கினார். தமிழ்நாட்டில் ‘துளிர்’ இதழ் 1987 முதல் சிறுவர்களுக்கு விஞ்ஞானம் எழுதிவருகிறது. மன்னாருக்கு வேண்டியது அதைவிடச் சிறியது: விஞ்ஞான ஆசிரியரும் நூலகப் பொறுப்பாசிரியரும் சேர்ந்து எழுதும், நூலகச் சுவரில் வாரம் ஒருமுறை மாறும் ஒரே ஒரு பக்கம். ஒக்ரோபர் வாசிப்பு மாதத்துக்கு மட்டும் ஒட்டிக் கழற்றும் பதாகையாக அது இருக்கக்கூடாது. அதற்குப் பெரும் பணம் வேண்டாம். அந்த இருவருக்கும் நேரசூசியில் வாரம் ஒரு பாடவேளையை அதிபர் ஒதுக்கித் தர வேண்டும்.