முகவரி இல்லாதவரின் கடிதத்துக்கு யார் பதில் எழுதுவது?

காதலினால் உண்டான மனத்துயரை வீட்டாரிடம் சொல்ல இயலாத ஒருவர், தம்மை முன்பின் அறியாத இன்னொருவருக்கு அதனை எழுதித் தெரிவிப்பது புதிய வழக்கமன்று. அவ்வாறான கடிதங்களைப் படித்துப் பதில் எழுதுவதற்கென ஊதியம் எதிர்பாராத தொண்டர்கள் உலகின் பல நகரங்களில் இருந்து வருகின்றனர். கண்டியிலும் அத்தகையோர் உள்ளனர் என்பதை நகரவாசிகளிற் பலர் அறியமாட்டார்கள். சுமித்திரயோ அமைப்பின் கிளையொன்று இந்நகரில் இயங்கி வருகின்றது. நல்ல நண்பர்கள் என்பதே அச்சிங்களச் சொல்லின் பொருள். மித்திரர் என்ற சொல் தமிழுக்கும் அந்நியமானதல்ல.

சுமித்திரயோ 1974ஆம் ஆண்டில் ஜோன் டி மெல் அம்மையாரால் தொடங்கப்பட்டது. வாழ்வில் பற்றிழந்தவர்களுக்கும் மனம் சோர்ந்தவர்களுக்கும் செவிகொடுப்பதே அதன் பணி. காதலர்களுக்கெனத் தனியாக அமைக்கப்பட்டதன்று. எனினும், முறிந்த காதல், பெற்றோர் மறுத்த திருமணம், மணமான பின் தோன்றிய பிணக்கு ஆகியவை இந்நாட்டு இளைஞர், யுவதிகளை விரக்தியின் விளிம்புக்குக் கொண்டுசெல்லும் காரணங்களில் முன்னிற்பதை ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டியுள்ளனர். ஆகவே, நேரிலோ தொலைபேசியிலோ கடிதத்திலோ தொண்டர்களை வந்தடையும் துயரங்களிற் காதல் விலக்க முடியாத இடத்தைப் பெறுகின்றது.

இத்தொண்டின் ஊற்றுக்கண் இலண்டனில் உள்ளது. சாட் வாரா என்ற ஆங்கிலிக்கன் மதகுரு தமது பணியின் தொடக்கத்தில், 1935இல், ஒரு சிறுமியின் நல்லடக்கத்தை நடத்த நேர்ந்தது. பூப்பெய்தியதைக் கொடிய நோய் என்று தவறாக எண்ணி அவள் தன் உயிரை மாய்த்துக்கொண்டிருந்தாள். கேட்டுத் தெளிவதற்கு அவளுக்கு ஒருவரும் இருக்கவில்லை. பிற்காலத்தில் அவர் காதல், தாம்பத்தியம் பற்றிச் சஞ்சிகையொன்றில் எழுதியபோது வாசகர்களிடமிருந்து கடிதங்கள் குவிந்தன. அவற்றுட் சில உயிர்வாழ விருப்பமற்றோர் எழுதியவை. 1953இல் அவர் தொடங்கிய சமாரித்தான்கள் அமைப்பின் விதை அக்கடிதங்களிலேயே இருந்தது எனலாம்.

அவர் கண்டறிந்த உண்மையொன்று இங்கே குறிப்பிடத்தக்கது. தம்மைக் காண வந்து காத்திருந்தோருக்குத் தேநீர் கொடுத்துப் பேச்சுக்கொடுக்கச் சாதாரண மக்கள் சிலரை அவர் அமர்த்தியிருந்தார். காத்திருந்தவர்களிற் பலர் அத்தொண்டர்களிடம் மனம்விட்டுப் பேசியதோடு ஆறுதலடைந்து, குருவைக் காணாமலேயே திரும்பிச் சென்றனர். படிப்போ பட்டமோ அன்றி, குறுக்கிடாமற் கேட்கும் பொறுமையே மருந்தாயிற்று என்பதை அவர் விளங்கிக்கொண்டார். சுமித்திரயோவும் இவ்வழியையே பின்பற்றுகின்றது. தொண்டர்கள் தெரிந்தெடுக்கப்பட்டுப் பயிற்றப்படுகின்றனர். கேட்டதை வெளியிற் சொல்வதில்லை. மதம் போதிப்பதில்லை. இவற்றுக்கெல்லாம் மேலாக, இதைச் செய், அதை விடு என்று புத்தி சொல்வதில்லை.

புத்தி சொல்லாமை என்பது நம்மவர்க்கு வியப்பாகத் தோன்றலாம். வார இதழ்களின் ஆலோசனைப் பகுதிகளில் ஒரு பெண்ணின் வாழ்க்கைச் சிக்கலுக்கு ஆறேழு வரிகளிலே தீர்ப்பு வழங்கப்படுவதைப் பார்த்துப் பழகியவர்கள் நாம். அப்பதில் எழுதியவளுக்காக மட்டுமன்றி, அதைப் படித்து மகிழும் ஆயிரம் பேருக்காகவும் எழுதப்படுகின்றது. தொண்டர் எழுதும் கடிதத்துக்கோ வாசகர் ஒருவரே. அவனை மறந்துவிடு என்று எழுதுவது எளிது. மறக்க முடியாமற் தவிப்பவரிடம் அதைச் சொல்வதால் ஆவது என்ன? உமக்கு என்ன நேர்ந்தது, இப்போது எப்படி இருக்கின்றீர் என்று கேட்டு எழுதுவது கடினம். பயன் தருவதும் அதுவே என்பது நமது கருத்து.

காதலுக்கென்றே கடிதம் எழுதும் தொண்டர்களைக் காண வேண்டுமாயின் இத்தாலியின் வெரோனா நகருக்குச் செல்ல வேண்டும். ஷேக்ஸ்பியரின் நாடகத்தால் புகழ்பெற்ற ஜூலியட்டின் பெயருக்கு உலகெங்குமிருந்து அங்கே கடிதங்கள் வருகின்றன. ஜூலியட்டின் கல்லறை என்று காட்டப்படும் இடத்தின் காவலராக விளங்கிய எத்தோரே சொலிமானி என்பவர் 1930களில் அவற்றுக்குப் பதில் எழுதத் தொடங்கினார். ஒரு கற்பனைப் பாத்திரத்தின் சார்பில் கல்லறைக் காவலர் ஒருவர் காதலர்க்குக் கடிதம் எழுதினார் என்பதை நாடகாசிரியரே கற்பனை செய்திருக்கமாட்டார். 1972இல் ஜூலியோ தமாசியா ஜூலியட் கழகத்தை நிறுவினார். அதன் தொண்டர்கள் ஜூலியட்டின் செயலாளர்கள் என அழைக்கப்படுகின்றனர். 2010இல் வெளிவந்த ஆங்கிலத் திரைப்படமொன்று அவர்களை உலகறியச் செய்தது. சமாரித்தான்களும் கடிதம் எழுதுவோருக்காக நெடுங்காலம் 'கிறிஸ்' என்ற பெயரையே வழங்கி வந்தனர். ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான பெயர் அது. பதில் எழுதியவரோ வேறு வேறு தொண்டர்கள். எழுதுபவருக்கு ஒரு பெயர் தேவை, அப்பெயர் தமக்குத் தெரிந்தவருடையதாக இருக்கவும் கூடாது.

இதைத் தமிழர் நாம் அறியாதவர்களல்லர். நமது அகப்பாடல் மரபில் தலைவியின் துயரைக் கேட்பவள் தோழி. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. வேளை வரும்போது தோழி அறத்தொடு நின்று, மறைந்திருந்த காதலைச் செவிலிக்கு வெளிப்படுத்துவாள். சுமித்திரயோவின் தோழிக்கு அந்த உரிமை இல்லை. கேட்டது அவளோடு நிற்க வேண்டும்.

இலங்கையில் இது உயிர்களைப் பற்றிய விடயம். 1995இல் நம் நாட்டில் இலட்சம் பேருக்கு 47 பேர் என்ற அளவில் தற்கொலை மரணங்கள் நிகழ்ந்தன. உலகின் மிக உயர்ந்த வீதங்களில் ஒன்று அது. பத்து ஆண்டுகளில் அவ்வீதம் ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்தது. கடும் நச்சுத்தன்மை கொண்ட பீடைநாசினிகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டமையே இதற்குப் பிரதான காரணமென ஆய்வுகள் கூறுகின்றன. அக்கட்டுப்பாடுகளைச் செயற்படுத்தும் பீடைகொல்லிப் பதிவாளரின் அலுவலகம் கண்டிக்கு அருகே பேராதனையிலேயே உள்ளது. தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய சட்டப்பிரிவும் 1998இல் நீக்கப்பட்டது. அதுவரை, உதவி கேட்க வேண்டியவர் பொலிஸாருக்கும் அஞ்ச வேண்டியிருந்தது. இவற்றிலிருந்து நாம் அறிவது, பெரும்பாலோர் சாவதில் உறுதிகொண்டிருந்தவர்களல்லர் என்பதாகும். அந்தச் சிறுபொழுதைக் கடந்துவிட்டால் அவர்கள் வாழ்ந்தார்கள். அப்பொழுதைக் கடப்பதற்குப் பேச்சுத்துணை வேண்டும்.

இனி, கண்டியைச் சூழவுள்ள தோட்டங்களின் நிலையைப் பார்ப்போம். கலஹாவிலோ தெல்தோட்டையிலோ புஸ்ஸல்லாவையிலோ லயனில் வாழும் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தியை எண்ணிப் பார்க்கலாம். அவள் விரும்புபவன் வேறு சாதியினன், அல்லது வேறு மதத்தவன், அல்லது சிங்களவன். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் ஒரு குடும்பமே வாழும்போது, தொலைபேசியில் அவள் எதைச் சொன்னாலும் அது அடுத்த காம்பராவுக்கும் கேட்கும். கைத்தொலைபேசியைச் சகோதரர்கள் எடுத்துப் பார்ப்பதும் உண்டு. கண்டிக்குச் சென்று நேரிற் பேசலாமெனில் பஸ் கட்டணத்தோடு அன்றைய சம்பளமும் போய்விடும். எஞ்சுவது கடிதம். 2022 ஓகஸ்டில் சாதாரணக் கடிதத்துக்கான முத்திரை 15 ரூபாவிலிருந்து 50 ரூபாவாக உயர்ந்ததைக்கூட அவள் பொறுத்துக்கொள்வாள். பதில் எந்த முகவரிக்கு வரும்?

வீட்டிலக்கமும் வீதிப் பெயரும் கொண்ட முகவரி தோட்டத்து மக்களிற் பலருக்கு இன்னமும் இல்லை. கடிதங்கள் மொத்தமாகத் தோட்ட அலுவலகத்தைச் சென்றடைந்து, அங்கிருந்து கைமாறிக் கைமாறி லயனுக்கு வருகின்றன. நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு நாள் கடந்து கிடைத்ததென்ற முறைப்பாடு மலையகத்தில் நெடுங்காலமாகக் கேட்டுவருவதே. வேலைக்கான கடிதத்துக்கே இந்தக் கதியெனில், காதல் துயரைப் பற்றிய பதில் உறை கிழிபடாமல் அவளிடம் சேருமென்று யார் உறுதி கூறுவது? தனி முகவரி கேட்டு எழும் குரலை வாக்காளர் இடாப்பு, காணி உறுதி ஆகியவற்றோடு மாத்திரம் சேர்த்துப் பேசுகின்றனர். ஒரு மனிதர் தம் அந்தரங்கத்தை எழுதவும் பெறவும் உள்ள உரிமையும் அதில் அடங்கியுள்ளது.

லயன்களுக்கெல்லாம் முகவரி கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கடிதத்தைத் தபாலகத்திலேயே வைத்திருந்து உரியவர் வந்து கேட்கும்போது கையளிக்கும் ஏற்பாட்டை உலகெங்கும் தபாலகங்கள் பயணிகளுக்காகச் செய்து வந்துள்ளன. தோட்டங்களை அண்டிய உபதபாலகங்களில் அதனை இளையோருக்கும் அறியச் செய்தால், சந்தைக்கு வரும் நாளில் அவள் தன் கடிதத்தைப் பெற்றுச் செல்லலாம். செலவு அதிகமில்லை. இரகசியம் காக்கும் தபாலதிபர்தான் வேண்டும்.

தமிழில் எழுதப்படும் கடிதத்துக்குத் தமிழிலேயே பதில் எழுதுவோரும் வேண்டும். துயரத்தை மொழிபெயர்ப்பாளர் வாயிலாகச் சொல்ல எவரும் விரும்பார். கண்டியில் ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியர்களும் தாதியரும் தபால் ஊழியர்களும் குறைவில்லை. வாரத்தில் சில மணி நேரத்தை அவர்கள் இதற்கு ஒதுக்க முன்வர வேண்டும். அறிவுரை கூறும் பழக்கத்தை விட்டொழிப்பதே ஆசிரியர்களுக்குக் கடினமான பயிற்சியாக இருக்கும்.

கடிதம் போய்ச்சேர நாட்கள் ஆகும். இன்றிரவே பேச வேண்டிய நிலையில் உள்ளவர்கள் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை எந்நேரமும் அழைக்கலாம். 1333 என்ற இலக்கத்தைக் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழிற் பேசுவதற்கு இரண்டிலும் வசதியுண்டு.