நிறுத்துவதற்கும் வைத்தியர் வேண்டும்

மனச்சோர்வு ஒரு நோய் என்பதையும், அதற்கு மருந்து உண்டு என்பதையும் நம் ஜனங்கள் மெள்ள மெள்ள ஒப்புக்கொண்டு வருகிறார்கள். ஃப்ளுவாக்ஸெட்டின் என்னும் மருந்தை அமெரிக்க அரசாங்கத்தார் 1987-ல் அங்கீகரித்தனர். அதன் இனத்தைச் சேர்ந்த செர்ட்ராலின், எஸ்சிட்டலோப்ராம் முதலியவை இன்று நம் ஊர் மருந்துக் கடைகளிலேயே கிடைக்கின்றன. இவற்றால் நலமடைந்தோர் அநேகர். ஆயினும், மருந்து கிடைப்பது வேறு. அதை அறிந்து உட்கொள்வது வேறு.

முதலில் வேண்டுவது பொறுமை. தலைவலி மாத்திரையைப்போல் இது அரை மணியில் குணம் காட்டாது. பயன் தெரிவதற்கு இரண்டு முதல் நான்கு வாரம் செல்லும். சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். குமட்டலும் தூக்கக் குறைவுமோ முதல் வாரத்திலேயே வந்துவிடலாம். தொல்லை முன்னும் நன்மை பின்னுமாக வருவதால், மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று கைவிட்டு விடுவோர் உண்டு.

இந்த ஆரம்ப வாரங்களில் வீட்டாருக்கும் பொறுப்பு உண்டு. இம்மருந்துகள் இளம் வயதினர் சிலருக்குத் தற்கொலை எண்ணத்தை அதிகப்படுத்தக்கூடும் என்று அமெரிக்க அதிகாரிகள் 2004-ல் எச்சரித்தனர். 2007-ல் அவ்வெச்சரிக்கையை 24 வயது வரை நீட்டினர். மருந்து கொடுத்தாகிவிட்டது என்று நிம்மதியடைந்து விடலாகாது. படபடப்பு, காரணமற்ற சினம், சாவைப்பற்றிய பேச்சு ஆகியவை தோன்றினால் அன்றைக்கே வைத்தியரிடம் தெரிவிக்க வேண்டும். இந்திய அரசாங்கம் 2022-ல் தொடங்கிய டெலி மானஸ் சேவையையும் 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம்.

அடுத்தது, ஒளிக்காமை. பல்வலிக்குப் போனாலும் இருமலுக்குப் போனாலும், தாம் உட்கொள்ளும் மருந்தை வைத்தியரிடம் சொல்லியே தீரவேண்டும். டிரமடால் என்னும் வலி மருந்தும், டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் கலந்த இருமல் மருந்தும் இதனுடன் சேர்ந்தால் ஜுரம், நடுக்கம், வியர்வை, சித்தக் கலக்கம் ஆகியவற்றுடன் உயிருக்கே அபாயம் நேரலாம். ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் முதலியவற்றுடன் சேர்ந்தால் இரத்தக் கசிவு ஏற்படலாம். மதுவை விலக்க வேண்டுமென்று தனியே சொல்ல வேண்டியதில்லை.

எல்லாவற்றிலும் பெரிய பிழை, குணமான அன்றே மருந்தை எறிந்துவிடுவது. குணமடைந்த பின்னும் ஆறு மாதமாவது தொடர்வதே பொதுவான வைத்திய முறை. திடீரென நிறுத்தினால் தலைச் சுற்றலும், தலைக்குள் மின்சாரம் பாய்ந்தாற் போன்ற அதிர்ச்சியும் உண்டாகலாம். விட்ட நோயும் திரும்பலாம். ஆதலின், மாதக்கணக்கில் உட்கொண்ட மருந்தை வைத்தியர் சொற்படி, வாரக்கணக்கில் சிறிது சிறிதாகக் குறைத்தே விடவேண்டும். கர்ப்பிணிகளும் தாமாக நிறுத்தாமல் அவரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

இப்பிழைகளில் பெரும்பாலானவற்றின் வேர் வெட்கமே என்பது நம் அபிப்பிராயம். அண்டை வீட்டார் அறிந்துவிடுவர் என்று வைத்தியரைத் தவிர்த்துப் பழைய சீட்டைக் காட்டி மாத்திரை வாங்குகிறார்கள். கல்யாணப் பேச்சு வந்தால் ஒருவரையும் கேளாமல் நிறுத்திவிடுகிறார்கள். நீரிழிவுக்கு மருந்து உட்கொள்பவரை யாராவது இகழ்கிறோமா? மனச்சோர்வுக்கு உட்கொள்பவரையும் அவ்வண்ணமே கருதுவோமாக. வெட்கம் ஒழிந்த வீட்டில் மருந்து ஒழுங்காக நடக்கும். மருந்து ஒழுங்காக நடந்தால் ஓர் உயிர் தப்பும்.